வராதவருக்கும் ஒரு டின் கோப்பி

வந்தவர்கள்: சூசை, முனியாண்டி, ரெங்கன். வராதவர்: அய்யாக்கண்ணு.

அய்யாக்கண்ணு என் அப்பா. ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில் கேட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகை நிழலில், கேட்டுக்காரர் அப்படிப் பெயர் கூப்பிட்டார். அங்கே ஒரு கூட்டம் கூடுவதே அப்பாவுக்குத் தெரியாது. அந்த நேரத்தில் அவர் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கள்ளுக்கடையில் இருந்தார். வந்து நின்றது நான்தான். என் பெயரை அவர் கூப்பிடவில்லை.

"நீ குடிக்கிறியா?" என்று பெயர் கூப்பிடுவதற்கு முன்னால் கேட்டார்.

"இல்லீங்க ஐயா."

"அப்ப யாருக்காக வந்த?"

"அப்பாவுக்காக."

"அப்ப வர வேண்டியது அவரு. அவரு வரல. பேரு சொல்லு."

சொன்னேன். வராதவர் வரிசையில் சேர்த்துக்கொண்டார். பிறகு எதிர்ப்புறக் கோப்பிக்கடைச் சீனரைப் பார்த்துக் கையை உயர்த்தினார். அந்தச் சீனர் ஏற்கெனவே தலைகளை எண்ணிவிட்டு ஐந்து விரல் காட்டிக்கொண்டிருந்தார். கேட்டுக்காரர் தலையை ஆட்டி ஆறு என்று காட்டினார். ஐந்து கோப்பி கோப்பையில் வந்தது. ஆறாவது, காலிப் பால் டின்னில் ஊற்றி, விளிம்பில் இரண்டு ஓட்டை போட்டுக் கயிறு கட்டி வந்தது. கேட்டுக்காரர் அந்தக் கயிற்றை என் விரலில் மாட்டினார்.

"கொண்டுபோயி அவரு பக்கத்துல வை. குடிங்கன்னு சொல்லாத. யாரு குடுத்தாங்கன்னு கேட்டா மட்டும் சொல்லு. இன்னொண்ணு, என்னை ஐயான்னு கூப்பிடாத. ஐயான்னா நான் என்னமோ குடிக்காதவன் மாதிரி இருக்கு. அண்ணேன்னு கூப்பிடு."

அவருக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். எனக்குப் பத்தொன்பது. அன்றிலிருந்து அண்ணே என்றுதான் கூப்பிட்டேன்.

அவரைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்கு நாலு மாதம் ஆனது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஏழாவது வரைக்கும் இங்கிலீஷ் படித்து, மஸ்ஜித் இந்தியா பக்கம் ஒரு துணிக்கடையில் கடிதம் எழுதும் வேலையில் இருந்தேன். எந்தக் கஷ்டத்துக்கும் எங்கேயோ யாரோ ஒரு வழியை எழுதி வைத்திருப்பார்கள், படித்தவன் தேடி எடுத்தால் போதும் என்று நினைத்திருந்தேன்.

அவசரமும் இருந்தது. ரப்பர் விலை விழுந்திருந்த காலம் அது. தோட்டங்களில் ஆள் குறைத்தார்கள், பட்டணத்திலும் குறைத்தார்கள். வேலை போனவர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அப்பா ரோட்டு வேலை செய்தார். கல் பரப்புவது, தார் காய்ச்சி ஊற்றுவது. ஞாயிற்றுக்கிழமை குடித்தால் திங்கட்கிழமை எழுந்திருக்க மாட்டார். அப்படி மூன்று திங்கட்கிழமை போயிருந்தது. கூலிகளுக்குத் தலைவரான மண்டோர் கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த எங்கள் லைன் வீட்டு வாசலுக்கே வந்து அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

"இன்னும் ஒரே ஒரு திங்கக்கெழமை. அதுக்கப்புறம் பேர வெட்டிடுவேன். வீட்டக் காலி பண்ணிட்டுக் கப்பலுக்குப் போயிடுங்க. எம்மேல வருத்தப்படாதீங்க."

அம்மாவுக்கு ஊரில் யாரும் மிச்சமில்லை. எனக்கு ஊர் என்பது கேள்விப்பட்ட இடம்.

முதலில் கோயிலில் கேட்டேன். முடியிறக்கி வேண்டிக்கொள்ளச் சொன்னார்கள். அப்பா மொட்டைத் தலையோடு கடைக்குப் போனார். பாதிரியார் ஒருவர் அன்பாகப் பேசி, இனிமேல் குடிப்பதில்லை என்று கையெழுத்துப் போட ஒரு சீட்டுக் கொடுத்தார். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கைநாட்டு வைத்துவிட்டு அதைக் கொண்டாடப் போனார். பாசார் என்ற சந்தையில் ஒருவன் கோழிக்குழம்பில் கலந்து கொடுக்கச் சொல்லிப் பச்சை நிறத்தில் ஒரு பொடி விற்றான். அப்பாவுக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. மூன்றாம் நாள், உடம்பு தேறக் கொஞ்சம் கள் குடித்தால் நல்லது என்றார்.

கடைசியில் ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரசர் ஒருவர்தான் கைகழுவிக்கொண்டே சொன்னார்.

"எங்கிட்ட மருந்து இல்ல தம்பி. ரயில் கேட்டுக்குப் பின்னால ஞாயித்துக்கெழம நாலு மணிக்குக் கொஞ்ச பேரு உக்காந்திருப்பாங்க. போயிப் பாரு."

"அவங்க யாருங்க?"

"குடிகாரங்கதான்."

கேலி செய்கிறார் என்று நினைத்து இரண்டு வாரம் நான் போகவில்லை.

அங்கே உட்கார்வதற்குப் தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த பழைய சிலீப்பர் கட்டைகளைச் சதுரமாகப் போட்டிருந்தார் கேட்டுக்காரர். அந்த இடத்துக்குச் சங்கம், சபை என்று எந்தப் பேரும் கிடையாது. ஞாயிறு நாலு மணி, அவ்வளவுதான். கள்ளுக்கடையில் கூட்டம் நெரிகிற நேரம் அதுதான். லைன் வீடுகளிலிருந்து கடைக்குப் போகிற எவனும் இந்தக் கேட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். ரயில் வருகிற நேரத்தில் மூடிய கேட்டுக்கு முன்னால் நிற்கிறவனிடம் அவர் பேச்சுக் கொடுப்பார்.

"கேட்டு சாத்தியிருக்குல்ல. சும்மா நிக்கிற நேரத்துக்கு உக்காரு. கட்டைக்கு வாடகை இல்லலா."

உட்கார்ந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் கேட்டுத் திறந்ததும் போய்விடுவார்கள். அவர் தடுத்ததில்லை.

ஒரு தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும் அவருக்கு. பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் எப்போதும் இடது அக்குளில் சுருட்டி இருக்கும்; சாப்பிடும்போதுகூட. வெற்றிலை போடமாட்டார், கிராம்பை மென்றுகொண்டே இருப்பார். பேசிக்கொண்டிருக்கும்போது ரயில் வந்தால் பாதி வார்த்தையில் எழுந்து போவார். கேட்டை மூடி, கொடி காட்டி, கடைசிப் பெட்டி போகும்வரை நின்று, கேட்டைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்து மீதி வார்த்தையைச் சொல்வார். ஒரு தடவை "நம்ம மனசு இருக்கு பாரு, அது" என்று சொன்னதோடு போனவர், நீண்ட சரக்கு ரயில் ஒன்று போய் முடிந்ததும் திரும்பி வந்து, "கழுதை" என்று முடித்தார்.

கள்ளைப் பற்றி அவர் கெட்டதாக ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. முனியாண்டி செங்கல் சூளையில் மண் மிதிக்கிறவர். குடிப்பழக்கம் உள்ளவர்களிலேயே அதிகமாகக் குடியைத் திட்டுகிறவர். "அது ஒரு எழவு, நாத்தம் புடிச்ச தண்ணி" என்று ஆரம்பிப்பார். கேட்டுக்காரர் சிரிப்பார்.

"ஏன்டா பொய் சொல்ற? நல்லாத்தான் இருக்கும். நல்லா இல்லாததுக்கா இத்தன பேரு சண்ட போட்டு வரிசையில நிக்கிறான்?"

அதேபோல, குடியை விட்டுவிட்டேன் என்று யாரும் அங்கே சொல்ல முடியாது. சூசை ரயில் பட்டறையில் கொதிகலனுக்கு நெருப்புப் போடுகிறவர், தேவாலயத்துக்குத் தவறாமல் போகிறவர். ஒருநாள் பெருமையோடு சொன்னார்.

"விட்டாச்சுண்ணே. ரெண்டு மாசம் ஆச்சு."

"அது போன மாசமும் அதுக்கு முந்துன மாசமும். இன்னிக்கு என்ன?"

"இன்னிக்கு இங்கதான இருக்கேன்."

"அதச் சொல்லு. விட்டவன்னு ஒருத்தனும் கெடையாது. கடைக்குப் போகாம இங்க வந்தவன்தான் உண்டு."

அதனால்தான் அவருக்குப் பெயர் கூப்பிடுவது அவ்வளவு முக்கியமாக இருந்தது. வந்தவர்களை வேகமாகச் சொல்லி முடிப்பார். வராதவர்களின் பெயரை நிறுத்தி நிறுத்திச் சொல்வார். ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கக் கூடாது. அவரும் கேட்க மாட்டார். வந்தவர் தலைக்கு மூன்று காசு, அவரவர் கோப்பிக்கு. வராதவர் டின்னுக்குக் கேட்டுக்காரர் காசு. அந்த டின்னை யாராவது ஒருவர் வராதவர் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே இருந்த ஒரே சட்டம் அதுதான்.

முதல் டின்னை அப்பா காலால் தட்டிவிட்டார். இரண்டாவதை அம்மா குடித்தாள். அந்தத் திங்கட்கிழமைகளில் அம்மா முகத்தில் தண்ணீர் ஊற்றி, அவரைப் பாதித் தூக்கத்தில் வேலைக்குத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாவது டின்னைப் பார்த்ததும் அப்பா கேட்டார்.

"யாருடா இது தெனம் தெனம்?"

"தெனம் இல்லப்பா, வாரம் ஒரு தடவ. கேட்டுக்காரரு குடுத்தாரு."

"எந்தக் கேட்டு?"

"நீங்க தாண்டிப் போற கேட்டு."

நாலாவதைக் குடித்தார். ஐந்தாவது ஞாயிறு சட்டையை மாட்டிக்கொண்டு நேரே சண்டைக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"எவன்டா அவன், எனக்குக் கோப்பி அனுப்புறது? நான் என்ன பிச்சக்காரனா?" என்று கத்திக்கொண்டே கொட்டகைக்குப் பின்னால் நுழைந்தார்.

நாலு கட்டையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கட்டை காலியாக இருந்தது. கேட்டுக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வந்தவங்க," என்றார். "சூசை, முனியாண்டி, ரெங்கன், அய்யாக்கண்ணு. வராதவங்க, இன்னிக்கு யாரும் இல்ல." பிறகு சீனரைப் பார்த்து, வந்திருக்கும் தலைகளுக்குச் சரியாக விரலைக் காட்டினார்.

அப்பா நின்றுகொண்டே இருந்தார். ரெங்கன் கொஞ்சம் நகர்ந்து, "உக்காருங்கண்ணே, கட்டை சூடாத்தான் இருக்கும். அஞ்சு வாரமா ஒங்களுக்காக வெயில்ல காயுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவுக்குச் சண்டை போட வழி தெரியவில்லை, உட்கார்ந்தார்.

அப்படி ஆறு ஞாயிறு தொடர்ந்து போனார். ஆறு திங்கட்கிழமை வேலைக்குப் போனார். அம்மா எதுவும் பேசவில்லை. பேசினால் கலைந்துவிடும் என்று பயந்தாள். சம்பளநாளில் மட்டும் பழக்கத்தில் வாய் வந்துவிடும். அப்பா வீட்டுக்குள் நுழைந்ததும் பல வருடமாக அவள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "எவ்வளவு போச்சு?" அப்பாவின் பதிலும் மாறியதில்லை: "யாருக்குத் தெரியும்." அதில் பொய் கிடையாது. எவ்வளவு குடித்தார், யாருக்கு வாங்கிக் கொடுத்தார், எங்கே விழுந்தது என்று அவருக்கு உண்மையிலேயே தெரியாது.

இதையெல்லாம் கெடுத்தவன் நான்.

அந்தச் சமயத்தில் கோலாலம்பூரில் தெருவுக்கு ஒரு சங்கம் முளைத்துக்கொண்டிருந்தது. சங்கம் என்றால் தலைவர், செயலாளர், பதிவேடு எல்லாம் இருக்கும். இவ்வளவு நல்ல காரியம் ஒரு தாள்கூட இல்லாமல் கட்டைமேல் உட்கார்ந்து நடக்கிறதே என்று எனக்கு ஆற்றாமை. கேட்டுக்காரரிடம் சொன்னேன். "எழுதுறது எதுக்கு? எனக்குத்தான் ஞாபகம் இருக்கே" என்றார். அதை நான் அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் அப்பாவும் ரெங்கனும் வரவில்லை. அப்பாவுக்குக் குளிர்காய்ச்சல். ரெங்கன் மகளைப் பெண் பார்க்க மேரு என்ற ஊரிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. இரண்டு பேரும் அன்றைக்குக் குடிக்கவில்லை. அன்றிரவே நல்ல தாளில், நல்ல கையெழுத்தில் எழுதினேன். "குடியை ஒழித்தோர் சங்கம். இவ்வாரக் கூட்டத்துக்கு ஆஜரானோர்: சூசை, முனியாண்டி. ஆஜராகாதோர்: ரெங்கன், அய்யாக்கண்ணு. குடிப்பழக்கமுள்ள சகோதரர்கள் அனைவரும் வருக." மூன்று பிரதி எடுத்துச் சோற்றுப்பசையால் ஒட்டினேன், ஒன்று வாசகசாலையில், ஒன்று பாசார் தூணில், ஒன்று கோப்பிக்கடைச் சுவரில். ஏன் வரவில்லை என்று எழுதவில்லை. அதற்கு அந்த மாதிரித் தாளில் இடம் கிடையாது. துணிக்கடையில் நான் பார்த்த அறிக்கைகள் எல்லாம் அப்படித்தான் இருந்தன.

அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. பாசாரில் ஒருத்தர் அவருக்கு உரக்கப் படித்துக் காட்டினார். தன் பெயரை என் எழுத்தில் அப்பா முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான்.

வீட்டுக்கு வந்து, "படிக்க வச்சேன்ல, நல்லா எழுதியிருக்கடா" என்றார். மேருவிலிருந்து வந்தவர்களுக்கும் யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள். அவர்கள் ரெங்கன் வீட்டில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் திரும்பிப் போனார்கள்.

அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு நாலு கட்டையும் காலி. கிழித்தெடுத்த மூன்று தாளையும் மடியில் வைத்துக்கொண்டு நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். கேட்டுக்காரர் வழக்கம்போலத் தொண்டையைச் செருமினார்.

"வந்தவங்க, இன்னிக்கு யாரும் இல்ல. வராதவங்க: சூசை. முனியாண்டி. ரெங்கன். அய்யாக்கண்ணு."

"அண்ணே, நான்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும். எந்திரி. டின்னு நாலு இருக்கு, எனக்குக் கையி ரெண்டுதான்."

அவருடைய வேலை நேரம் முடிந்து மாற்று ஆள் வந்ததும் இரண்டு பேரும் கிளம்பினோம். ஆளுக்கு இரண்டு டின். கோப்பி அலம்பி விரலில் கொட்டிச் சுட்டது. நடக்கும்போதுதான் அவர் தன்னைப் பற்றிச் சொன்னார். நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"முன்ன கிள்ளான்ல இருந்தப்ப, மூணு நாளு குடிசைக்குள்ள குடிச்சிட்டே கெடந்தேன். சாப்பாடு இல்ல. சத்தம் இல்ல. ஒருத்தன் வந்து, ஏன்டா ஆளக் காணோமேன்னு கேக்கல. நாலாம் நாளு கதவு தொறந்துச்சு. யாருன்னு பாத்தா ஆடு. பக்கத்து வீட்டு ஆடு. உள்ள வந்து என்னைப் பாத்துச்சு, கூரையில ஓலையக் கடிச்சுச்சு, போயிடுச்சு." டின் கயிற்றை விரலில் சரிசெய்துகொண்டார். "அந்த ஆடு வந்ததுக்கே நான் எந்திரிச்சு மூஞ்சி கழுவினேன்னா பாத்துக்க."

சூசை டின்னை வாங்கிக்கொண்டு, தலை குனிந்து, "அடுத்த வாரம் வரேண்ணே" என்றார். முனியாண்டி என்னைப் பார்த்ததும், "வாடா செயலாளரே, எம் பொண்டாட்டி பேரையும் எழுதி ஒட்டு" என்று திட்டினார். திட்டிக்கொண்டே கோப்பியைக் குடித்தார். ரெங்கன் கதவைத் திறக்கவில்லை. உள்ளே ஆள் நடமாடும் சத்தம் கேட்டது. டின்னை வாசற்படியில் வைத்துவிட்டு வந்தோம்.

கடைசி வீடு எங்களுடையது. அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நாற்றத்தை வாசலிலேயே உணர்ந்தேன். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள். மறுநாள் திங்கட்கிழமை.

கேட்டுக்காரர் டின்னை அப்பா பக்கத்தில் வைத்தார்.

"காலையில அஞ்சரைக்கு நான் கேட்டுல நிப்பேன். வேலைக்குப் போற வழியில வந்து ஒரு கோப்பி குடிச்சிட்டுப் போ. நீ வர்ற வரைக்கும் கேட்டச் சாத்த மாட்டேன்."

"ரயிலு?" என்றார் அப்பா, நாக்குக் குழற.

"நிக்கட்டும். ஏன்டா நிக்குதுன்னு கேட்டா, அய்யாக்கண்ணு இன்னும் எந்திரிக்கலன்னு சொல்றேன்."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. காலையில் கண் வீங்கி, கால் தடுமாறி, ஆனால் போனார். கேட்டுத் திறந்துதான் இருந்தது. அதற்குப் பிறகு அவர் குடித்து நான் பார்க்கவில்லை.

ரெங்கன் மட்டும் வரவில்லை. அவருடைய டின் ஒவ்வொரு வாரமும் போனது. முந்தின வாரத்து டின் எறும்பு மொய்த்து அதே படியில் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு புதியதை வைத்துவிட்டு வருவேன். அந்த வேலையை நான் வேறு யாருக்கும் விடவில்லை. சில மாதங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் வேறு ஆட்கள் இருந்தார்கள். ரெங்கன் குடும்பம் கப்பலேறிவிட்டது என்றார்கள். அவர் மறுபடி குடித்தாரா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அந்த வருடக் கடைசியில் கேட்டுக்காரருக்குக் கிள்ளான் பக்கம் மாற்றல் வந்தது. போகும்போது, "பேரு கூப்புடுறத விட்டுறாதீங்க" என்றார். அப்பாவைப் பார்த்துச் சொன்னார். அப்பா எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பதால்தான் அவரைத் தேர்ந்தெடுத்தார் என்று முனியாண்டி என்னைக் கேலி செய்தார். முதல் இரண்டு ஞாயிறு கேட்டுக்காரரே கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்து உட்கார்ந்தார். மூன்றாவது ஞாயிறு வரவில்லை. நாலாவதும் வரவில்லை.

அன்றைக்கு அப்பா பெயர் கூப்பிட்டார். "வந்தவங்க: சூசை, முனியாண்டி." நிறுத்தினார். அப்போதுதான் எங்கள் எல்லோருக்கும் ஒன்று தெரிந்தது. இத்தனை நாளில் கேட்டுக்காரர் தன் பெயரை ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. என் தாளில்கூட அவர் பெயர் இல்லை. நான் அதைக் கவனிக்கவே இல்லை.

"வராதவங்க," என்று சொல்லி, அப்பா அவர் பெயரைச் சொன்னார்.

"அவருக்கு என்னண்ணே, வேலையா இருக்கும்" என்றார் முனியாண்டி.

"ஏன் வரலன்னு கேக்கக் கூடாது. டின்னு போகணும்."

"கிள்ளானுக்கா?"

"கிள்ளான்ல இருந்தா கிள்ளானுக்குத்தான்."

முனியாண்டிக்குச் சூளையில் முறை இருந்தது. அப்பா, சூசை, நான் மூன்று பேரும் டின்னோடு ஐந்து மணி ரயிலில் ஏறினோம். வழியில் கேட்டுக்காரர் சொன்ன ஆட்டுக் கதையை அப்பாவிடம் சொன்னேன். அப்பா டின்னைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டார். "அங்கேயே வாங்கிக்கலாம்பா, ஆறிப்போயிடும்" என்றேன். "அது நம்ம கோப்பி இல்லையே" என்றார்.

கேட்டுப் பக்கத்தில் விசாரித்தோம். இரண்டு நாளாக லீவு, உடம்பு சரியில்லை என்றார்கள். குடிசையைக் கண்டுபிடித்தபோது கதவு சாத்தியிருந்தது. வெளியிலேயே தெரிந்தது, எங்கள் வீட்டில் பல வருடம் முகர்ந்த அதே வாசனை. சூசை சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். அப்பா கதவைத் தோளால் தள்ளினார்.

கேட்டுக்காரர் பாயில் மல்லாந்து கிடந்தார். கொடிகள் இரண்டும் மூலையில் கிடந்தன. அக்குளில் கொடி இல்லாமல் அவரைப் பார்ப்பது ஏதோ பார்க்கக் கூடாததைப் பார்த்த மாதிரி இருந்தது. கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"போயிடுங்கடா. பாக்காதீங்க."

அப்பா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து டின்னை வைத்தார்.

"ஆடு வந்திருக்குன்னு நெனச்சுக்கண்ணே" என்றார்.

முதுகு குலுங்கியது. சிரிக்கிறாரா என்று முதலில் தெரியவில்லை. சுவரைப் பார்த்தபடியே பேசினார்.

"கணக்குல எம் பேரு கெடையாதேடா. கூப்புடுறவன் நானுல்ல. என்னை யாரு கூப்புடுவா?"

"இப்ப நான்தான கூப்புடுறேன். வராதவங்க வரிசையில ஒங்க பேரைச் சொல்லிட்டுத்தான் வந்தேன்."

அவர் எழுந்து உட்கார்ந்து, ஆறிப்போன கோப்பியைக் குடித்தார். பாதி சட்டையில் வழிந்தது. இருட்டத் தொடங்கியிருந்தது. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று நான் சொன்னேன். அப்பா எழவில்லை.

"நீயும் சூசையும் போங்க. நான் இவரு கூட இருக்கேன். இந்த நேரத்துல தனியா விட்டா திரும்பக் கடைக்குப் போவாரு. எனக்குத் தெரியும்."

"அப்பா, நாளைக்குத் திங்கக்கெழம."

"தெரியும்டா. நேரா மண்டோர் வீட்டுக்குப் போ. நாளைக்கு நான் வர மாட்டேன்னு இன்னிக்கே சொல்லிடு. உள்ளத அப்படியே சொல்லு. அழகாச் சொல்லாத."

எட்டு மணிக்கு மண்டோர் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். உள்ளதை அப்படியே சொன்னேன்.

"ஒங்கப்பன் குடிச்சிருக்கானா?"

"இல்லீங்க. கிள்ளான்ல ஒருத்தருக்குத் துணைக்கு இருக்காரு."

"அவன் குடிச்சிருக்கானா?"

"ஆமாங்க."

மண்டோர் துண்டால் கையைத் துடைத்தார்.

"பன்னெண்டு வருசமா ஒங்கப்பன் எங்கிட்ட வேல பாக்குறான். வர மாட்டேன்னு முன்னாடியே ஆள் விட்டுச் சொன்னது இதான் மொத தடவ. ஒரு நாள் கூலி கிடையாது. செவ்வாக்கெழம வரச் சொல்லு."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் நம்பினாள் என்று சொல்ல மாட்டேன். திங்கட்கிழமை முழுவதும் வாசலைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தாள். சாயங்காலம் அப்பா வந்தார். தூங்காத கண், கசங்கிய வேட்டி. பார்ப்பதற்குக் குடித்துவிட்டு வரும் நாள் மாதிரியேதான் இருந்தார். கையில் காலிப் பால் டின், கயிறோடு. அடுத்த ஞாயிறு கேட்டுக்காரர் வருகிறார், டிக்கெட்டை அவரே வாங்கிக்கொள்வாராம் என்றார்.

அம்மா அவர் முகத்துக்குப் பக்கத்தில் போய் மூச்சை முகர்ந்து பார்த்தாள். அப்புறமும் வாய் பழக்கத்தை விடவில்லை.

"எவ்வளவு போச்சு?"

அப்பா தரையில் உட்கார்ந்து, நூறு காசுக்கு ஒரு வெள்ளி என்று விரலை மடக்கினார். மூன்று பேருக்கு ரயில், ஆளுக்குப் போக நாற்பது காசு, வர நாற்பது காசு. கோப்பி ஒரு டின், மூன்று காசு. போன கூலி ஐம்பது காசு. நடுவில் ஒரு தடவை தப்பாகி, முதலிலிருந்து மறுபடி எண்ணினார். நான் வாயைத் திறக்கவில்லை.

"ரெண்டு வெள்ளி தொண்ணூத்து மூணு காசு," என்றார்.